ஐன்ஸ்டீன் மகனுக்கு ஆற்று மணலில் என்ன வேலை?

கேள்வி (ஜூன் 3, மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி): சார், ஐன்ஸ்டீனின் மூத்த மகன் ஹான்ஸ் ஆல்பர்ட் அமெரிக்காவில் சிவில் பேராசிரியராக இருந்தாராம். அப்பா பெயர் இல்லாவிட்டால் வெளிநாட்டிலிருந்து பிழைக்கப் போனவரை யார் பேராசிரியர் ஆக்கியிருப்பார்கள்? அதுவும் ஆற்றில் மணல் எப்படி ஓடுகிறது என்று பார்த்தாராம். அது எங்க தாத்தாவுக்கே தெரியுமே.

ஜூன் 3, இரவு 9.40

தாத்தாவுக்குத் தெரியும், மறுக்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை டன் மணல் இந்த சட்ரஸை (ஆற்றுக்குக் குறுக்கே கதவு வைத்த மதகு) தாண்டும் என்று கேட்டுப் பாருங்கள். வெற்றிலையை மடித்துப் போட்டுக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். எங்க அப்பாவும் அப்படித்தான் போவார். அவர் குடமுருட்டி ஆற்றில் லஸ்கராக, அதாவது மதகுக் கதவைத் தூக்கி இறக்கும் ஊழியராக, இருந்தவர்.

ஹான்ஸ் ஆல்பர்ட் அதற்குப் பதில் சொல்ல முயன்றார். அவ்வளவுதான் இப்போதைக்கு. கரண்ட் போகப் போகிறது.

ஜூன் 4, காலை 6.15

அப்பா பெயர் விஷயம். வருஷங்களைப் பாருங்கள்.

1904ல் பெர்ன் நகரில் பிறந்தார். 1926ல் சூரிச்சில், அப்பா படித்த அதே பாலிடெக்னிக்கில், சிவில் முடித்தார். மகன் இஞ்சினியர் ஆவது அப்பாவுக்குப் பிடிக்கவே இல்லை. முடித்ததும் ஜெர்மனியில் டோர்ட்முண்டில் எஃகுப் பாலம் வரையும் வேலை. அப்புறம் சூரிச்சுக்குத் திரும்பி, மேயர்-பீட்டர் என்பவர் நடத்திய நீரியல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். 1936ல் டாக்டர் பட்டம். 1938ல் மனைவி, இரண்டு பையன்களோடு அமெரிக்கா. அடுத்த வருஷமே இளைய பையன் தொண்டை அடைப்பான் நோயில் போய்விட்டான், ஆறு வயசு.

அமெரிக்காவில் கிடைத்த வேலை என்ன? அப்பா இருந்த பிரின்ஸ்டன் பக்கம்கூட இல்லை. தெற்குக் கரோலினாவில் கிரீன்வில் என்ற ஊர். விவசாயத் துறையின் மண் பாதுகாப்புப் பிரிவு. எனோரி என்ற சின்ன ஆற்றில் மண் எவ்வளவு போகிறது என்று அளக்கும் வேலை. நம்ம ஊரில் சொன்னால், பெரிய வீட்டுப் பிள்ளை வெளியூர் போய் வாய்க்கால் ஓரத்தில் கூடாரம் போட்ட கதை. 1943ல் கலிபோர்னியாவுக்கு, அதே துறையின் கூடத்துக்கு. பெர்க்லியில் பேராசிரியர் வேலை 1947ல்தான். போய் இறங்கி ஒன்பது வருஷம் கழித்து.

பெயர் உதவவே இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். கதவைத் தட்டினால் திறந்து பார்க்கவாவது வைத்திருக்கும். ஆனால் பெயருக்காக யாரும் 1950ல் வந்த அவருடைய மணல் கணக்கு அறிக்கையை இன்றுவரை புரட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஜூன் 4, மதியம்

மேலே 'பேராசிரியர் வேலை 1947ல்' என்று எழுதியதில் ஒரு திருத்தம். அப்போது இணைப் பேராசிரியர். முழுப் பேராசிரியர் பின்னால் ஆனார், 1971ல் ஓய்வு. 29 வருஷம் பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவன் இந்த வித்தியாசத்தை விட்டால் என் பழைய மாணவர்களே வந்து காதைத் திருகுவார்கள்.

ஜூன் 5, இரவு

'மணல் ஓடுவதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா' என்பதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

அவருக்கு முன்னால் இருந்தவர்கள் இப்படி நினைத்தார்கள்: தண்ணீரின் இழுவை ஒரு அளவைத் தாண்டும்வரை மணல் அசையாது, தாண்டியதும் மொத்தமாகக் கிளம்பும். அவரே 1934ல் மேயர்-பீட்டரோடும் ஃபாவ்ரோடும் சேர்ந்து அந்த வழியில்தான் ஒரு சூத்திரம் எழுதினார். (1934! இங்கே மேட்டூர் திறந்த வருஷம்.) ரைன் ஆற்றின் மேல்பகுதியில் சரளை வந்து படுகை ஏறிக்கொண்டே போனது, அதற்குத் தீர்வு தேடப்போய் வந்த சூத்திரம் அது.

டாக்டர் பட்டத்துக்கு வரும்போது அதிலிருந்து விலகிவிட்டார். கண்ணாடிக்குப் பின்னால் ஓடும் தண்ணீரில் அடையாளம் வைத்த கற்களைப் போட்டு, ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாகப் பார்த்தார். ஒரு கல் கொஞ்சம் போகிறது, நிற்கிறது. ரொம்ப நேரம் நிற்கிறது. திடீரென்று மறுபடி கிளம்புகிறது. பக்கத்துக் கல் அதே தண்ணீரில் சும்மா கிடக்கிறது. எப்போது கிளம்பும் என்று எவனாலும் சொல்ல முடியாது. கிளம்புவதற்கு வாய்ப்பு எவ்வளவு என்று சொல்லலாம். ஆய்வேட்டின் தலைப்பே படுகை மண் நகர்வதை நிகழ்தகவுக் கணக்காக வைப்பதுதான். பின்னால் கணக்கு போடும்போது, ஒரு மணல்துகள் ஒரு எட்டில் தன் விட்டத்தைப் போல நூறு மடங்கு போகும் என்று வைத்துக்கொண்டார். ஒரு மில்லிமீட்டர் மணல் என்றால் ஒரு எட்டின் நீளம் பத்து சென்டிமீட்டர். என் கை ஒரு சாண்கூட இல்லை.

இதில் வேடிக்கை, அப்பா 1905ல் தண்ணீரில் தூசி தத்தளிப்பதற்குப் போட்ட கணக்கும் இதே ஜாதி. பையனுக்கு அப்போது ஒரு வயசு.

ஜூன் 6

கும்பகோணத்திலிருந்து ஒருவர் கேட்கிறார், அப்பா ஐன்ஸ்டீன் 'மணலா, அது எனக்கே கஷ்டம் என்று விட்டுவிட்டேன்' என்று மகனிடம் சொன்னாராமே என்று.

இந்தக் கதையை நானும் வகுப்பில் வருஷாவருஷம் சொல்லியிருக்கிறேன். பசங்க சிரிப்பார்கள், அப்புறம் பாடத்துக்குள் இழுத்துவிடலாம். வாய்வழியாக வந்த கதை, அதை அந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் நிற்பது வேறு. 1926ல், மகன் டிப்ளமா வாங்கிய அதே வருஷம், ஆறு ஏன் வளைந்து வளைந்து போகிறது என்று அப்பா ஒரு கட்டுரை எழுதினார். அதில் தேநீர்க் கோப்பைதான் உதாரணம். டீத்தூளைப் போட்டுக் கலக்கிவிட்டால் தூள் சுவரோரம் ஒதுங்க வேண்டும் அல்லவா? ஒதுங்காது. அடியில் நடுவே குவியும். அடித்தண்ணீர் தரையில் உரசி வேகம் குறைகிறது, அதனால் அடியில் ஓட்டம் ஓரத்திலிருந்து நடுவுக்குத் திரும்புகிறது.

ஆற்று வளைவிலும் அதே கதை. வெளிக்கரை அறுபடும், உள்கரையில் மணல் திட்டு விழும், அதில் நாணல் முளைக்கும். எங்க ஊர் வளைவில் வெளிக்கரையில் இருந்த தென்னந்தோப்பில் இரண்டு வரிசை இப்போது இல்லை.

கும்பகோணத்துக்காரர் உடனே 'டிகிரி காபியில் வருமா' என்று கேட்பார் என்று தெரியும். டிகாக்‌ஷனை வடிகட்டாமல் குடிக்கிற ஆளாக இருந்தால் வரும்.

ஜூன் 7, காலை

இன்னொருவர் (திருவாரூர்): ஹான்ஸ் ஆல்பர்ட்டுடைய தாள்கள் எல்லாம் எங்கே இருக்கின்றன, ஏலத்தில் போய்விட்டன என்று படித்தேனே.

இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஏலம் போனவை அப்பா, அம்மா கடிதங்கள். ஆல்பர்ட்டும் மிலேவாவும் காதலித்த காலத்தில் எழுதிக்கொண்டவை, ஹான்ஸ் ஆல்பர்ட் குடும்பத்திடம் பெர்க்லியில் இருந்தன. 1987ல் அச்சில் வந்தபோதுதான் அவர்களுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பெண்குழந்தை பிறந்தது உலகத்துக்கே தெரிந்தது. 1996ல் நியூயார்க்கில் ஏலம்.

மகனின் தொழில் தாள்கள் வேறு. அவை கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் நீர்வளக் காப்பகத்தில் இருக்கின்றன. அந்தக் காப்பகம் பெர்க்லியில் இருந்தது, 2011ல் ரிவர்சைடு வளாகத்துக்குப் போனது. ஆற்றுக்காரன் ஒருவனின் காகிதங்களை இன்னும் நாலு ஆற்றுக்காரர்களின் காகிதத்தோடு சேர்த்து, அட்டைப்பெட்டியில் பெயர் ஒட்டி, பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். ஏலக் கூடத்தில் இதற்கு ஒருவரும் கை தூக்க மாட்டார்கள். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. ஏன் என்று சாயங்காலம் எழுதுகிறேன்.

ஜூன் 7, இரவு 10.20

எங்க அப்பா தினமும் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் சட்ரஸ் மேலே போய் கேஜை (தண்ணீர் உயரம் காட்டும் அளவுகோல்) பார்த்து எழுதுவார். மேல் பக்கம் எத்தனை அடி எத்தனை அங்குலம், கீழ்ப் பக்கம் எத்தனை, எத்தனை கதவு எவ்வளவு தூக்கியிருக்கிறது. ஆபீஸ் புக் ஒன்று. அதோடு பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் தனக்கென்று இன்னொரு நகல். கேட்டால் 'நாளைக்கு யாராச்சும் கடைமடைக்குத் தண்ணி விடலேன்னு சண்டைக்கு வந்தா காட்டணும்டா' என்பார்.

ஆபீஸ் புக்குகள் என்ன ஆயின என்று ஓய்வு பெற்ற பிறகு கேட்கப் போனேன். இடம் மாற்றியபோது பழைய காகிதம் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். சொன்ன பையனுக்கு என் மகன் வயசு இருக்கும், அவனைக் கோபித்து என்ன செய்வது. வெளியில் வந்து பஸ் ஸ்டாண்டில் ஒரு பொட்டலம் கடலை வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன். நிஜமாகவே பார்த்தேன். ஏதோ ஒரு பிள்ளையின் ஆங்கிலக் கட்டுரை.

அப்பாவின் சொந்த நோட்டுகளில் பெரும்பாலானவை ஒரு மழையில் பரணில் ஊறிப் பொதபொதத்துப் போயின. ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதுவும் அப்பா சாமர்த்தியத்தால் இல்லை. பின்பக்கத்திலிருந்து அம்மா பால் கணக்கு எழுதிக்கொண்டு வந்ததால் அது அடுக்களை அலமாரியில் இருந்தது.

ஜூன் 8

அந்த நோட்டைப் பற்றிக் கேட்டு நாலு பேர் எழுதிவிட்டார்கள். சரி.

கேஜ் எண்களுக்குப் பக்கத்தில் அப்பா ஒரு வார்த்தை எழுதியிருப்பார். 'கலங்கல்'. 'தெளிவு'. 'செந்தண்ணி'. சில நாள் 'அமராவதி' என்று மட்டும். நான் சின்ன வயதில் அதை யாரோ அத்தை வந்த நாள் என்று நினைத்திருந்தேன். ஆற்றைத்தான் சொல்லியிருக்கிறார். மேட்டூருக்குக் கீழே பவானி, நொய்யல், அமராவதி எல்லாம் வந்து சேர்கின்றன. அணையில் தேங்கி வருகிற தண்ணீர் மண்ணைக் கீழே இறக்கிவிட்டுத் தெளிந்து வரும். கரூர்ப் பக்கம் திருமுக்கூடலூரில் அமராவதி கலக்கும்போது மழை பெய்திருந்தால் நிறம் மாறிவிடும். நிறத்தைப் பார்த்தே எந்த ஆற்றுத் தண்ணீர் என்று சொல்வார்.

இப்போது ஹான்ஸ் ஆல்பர்ட்டுக்கு வாருங்கள். எனோரி ஆற்றங்கரையில் இருந்தபோது, 1940ல் ஆண்டர்சன், ஜான்சன் என்ற இருவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். ஆறு சுமந்து போவதை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பது அதன் சாரம். படுகையில் கிடக்கிற மணல் ஒன்று. தண்ணீர் எவ்வளவு, சரிவு எவ்வளவு என்று தெரிந்தால் அது எவ்வளவு போகும் என்று கணக்குப் போடலாம். இன்னொன்று படுகையில் கிட்டத்தட்ட இல்லவே இல்லாத நுண்ணிய மண். அது மேலேயிருந்து எவ்வளவு வருகிறதோ அவ்வளவும் நிற்காமல் கடந்து போகும். ஆற்றின் வேகத்தை வைத்து அதைக் கணக்குப் போட முடியாது, மேலே எங்கே மழை, எந்த மண் கரைந்தது என்று கேட்க வேண்டும். இதற்கு வாஷ் லோட் என்று பெயர். நம்ம வாய்க்கு அது வண்டல்.

அப்பா நோட்டில் இரண்டு வரிகள், மூன்று வாரம் தள்ளி:

4 அடி 2 அங்குலம், 3 கதவு, தெளிவு.
4 அடி 2 அங்குலம், 3 கதவு, செந்தண்ணி, அமராவதி.

அதே உயரம், அதே கதவு, அதே ஓட்டம். மண் மட்டும் வேறு. இதை வகுப்பில் கரும்பலகையில் எத்தனையோ வருஷம் படம் போட்டுப் புரியவைக்கப் பார்த்தேன். அடுக்களை அலமாரியில் இரண்டு வரியில் இருந்திருக்கிறது.

ஜூன் 9

ஒரு எதிர்ப்பு வந்திருக்கிறது, சரியான எதிர்ப்பு. 'கதவு கீழே திறந்து ஓடும் இடத்தில் மேல்பக்க உயரமும் கதவும் மட்டும் போதாது, கீழ்ப் பக்கத் தண்ணீர் உயரமும் ஒன்றாக இருந்தால்தான் அதே ஓட்டம் என்று சொல்லலாம்.'

போய்ப் பார்த்தேன். கீழ்ப் பக்கம் ஒரு நாள் 2 அடி 9, இன்னொரு நாள் 3 அடி 1. ஆக, அதே ஓட்டம் இல்லை. இரண்டாவது நாள் கொஞ்சம் குறைவாகவே போயிருக்கும். குறைந்த தண்ணீரில் அதிக வண்டல்! என் வாதம் இன்னும் பலமாகிறது என்று சொல்லித் தப்பிக்கலாம்தான், ஆனால் நேற்று பார்க்காமல் எழுதியது தப்பு.

ஜூன் 10

மணல் என்றதும் குவாரி, லாரி என்று இரண்டு பேர் அடித்துக்கொள்கிறார்கள். அதற்குள் நான் போகவில்லை. ஒன்றே ஒன்று. 2018 ஆகஸ்ட் 22 இரவு, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில், கொள்ளிடம் பக்கத்து அணையின் மதகுகள் ஒன்பது அடித்துக்கொண்டு போயின. அந்த அணை ஆங்கிலேய இஞ்சினியர் காட்டன் 1836ல் கட்டியது. கட்டியதன் காரணமே மணல்தான். கொள்ளிடம் சரிவு அதிகம், வெள்ளம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும், காவிரிப் படுகை மேடிட்டுத் தஞ்சைக்குத் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. அணை கட்டியதும் காவிரி பக்கம் தண்ணீர் கூடி, அங்கே படுகை அரிக்க ஆரம்பித்து, அதற்கும் ஒரு தடுப்பு போட வேண்டி வந்தது. ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் எழும்பும். ஹான்ஸ் ஆல்பர்ட்டின் 1950 அறிக்கை, 1026ஆம் எண் வெளியீடு, இப்படி அமுக்குவதற்கு முன்னால் கணக்குப் போட்டுப் பார்க்கத்தான்.

அந்தக் கணக்கு கையால் போட்டால் உயிர் போகும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மணல் அளவுக்கும் தனித்தனியாக, ஏகப்பட்ட வரைபடங்களில் விரல் வைத்துத் தேட வேண்டும். 1955லேயே கோல்பி, ஹெம்ப்ரீ இருவரும் அளந்த மாதிரிகளைக் கொண்டு போடும்படி அதை மாற்றிவிட்டார்கள்.

ஜூன் 11

வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்று தம்பி ஆரம்பித்ததால் இது. அவரிடம் படித்தவர்களிலும் வெளிநாட்டுக்காரர்கள் உண்டு. சீனாவிலிருந்து வந்த சியன் நிங் அவரிடம் டாக்டர் பட்டம் வாங்கி, 1955ல் ஊருக்குத் திரும்பி, மஞ்சள் ஆற்றில் வேலை பார்த்தார். வண்டலுக்கு உலகத்திலேயே பேர்போன ஆறு. நம்ம பையன்கள் பெர்க்லி போனால் திரும்பி வந்து வெண்ணாற்றைப் பார்ப்பார்களா என்று கேட்க வாயெடுத்தேன். என் மகனே டெக்சஸில் இருக்கிறான். வாயை மூடிக்கொண்டேன்.

ஜூன் 13

நேற்று மேட்டூர் திறந்தாயிற்று. தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாள் ஆகும். அதற்குள் பேத்தியோடு ஒரு ஏற்பாடு. அடையாளம் வைத்த கல் சோதனை, எங்க வீட்டுப் பின்னால் போகும் வாய்க்காலில், மதகுக்குக் கீழே. அரிசி அளவு பெருமணல் நூறு எண்ணி எடுத்து, போஸ்டர் கலர் பூசிக் காயவைத்திருக்கிறாள்.

ஜூன் 17

தண்ணீர் வந்தது. நொங்கும் நுரையும், முன்னால் சருகு, பிளாஸ்டிக் பாட்டில், ஒரு ஒற்றைச் செருப்பு. போஸ்டர் கலர் ஐந்து நிமிஷத்தில் கரைந்துவிட்டது. நூறு கல்லும் ஆற்றோடு ஐக்கியம்.

ஜூன் 18

எனாமல் பெயிண்ட். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கடலைமிட்டாய் ஆகிவிட்டன.

ஜூன் 20

செங்கல்லை உடைத்துச் சலித்தோம். தானாகவே சிவப்பு, பூச வேண்டாம். இந்த முறை கிடைத்தது. நூறில் அறுபத்தேழைக் கண்டுபிடித்தோம். சில துகள் மதகடியிலேயே கிடந்தன, சில மூன்று முழம், ஒன்று மட்டும் அடுத்த வீட்டுப் படித்துறை வரை. பேத்தி நோட்டில் கோடு போட்டு எழுதினாள். குவியல் ஒரு பக்கம், வால் நீளமாக ஒரு பக்கம். சூரிச் ஆய்வேட்டில் இருக்கும் அதே உருவம் என்று கூத்தாடினேன்.

ஜூன் 20, ஒரு மணி நேரம் கழித்து

செங்கல் கல்லைவிட லேசு. ஆற்று மணல் தண்ணீரைப் போல 2.65 மடங்கு, செங்கல் இரண்டைத் தொடுவதே பெரிசு. நுண்துளை வேறு. அதே தண்ணீரில் இது சுலபமாகக் கிளம்பிவிடும். அதனால் நான் கூத்தாடியதை எடுத்துவிடுங்கள். உருவம் மட்டும் நிற்கும், தூரம் நிற்காது.

படித்துறை வரை போன அந்த ஒன்றும், பக்கத்து வீட்டு அம்மா சொல்கிறார்கள், அவர்கள் வீட்டுச் செங்கல் படி உதிர்ந்ததாம்.

ஜூன் 22

அப்பா நோட்டை முழுக்க ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டேன். 62 பக்கம். பின்பக்கம் பால் கணக்கையும் விடவில்லை, பக்கத்தைப் பிரித்தால் நோட்டு உதிர்ந்துவிடும். ஆரம்பத்தில் கேள்வி கேட்ட தம்பி, உங்க தாத்தாவிடம் காட்டுங்கள். 'அமராவதி' என்று போட்ட நாள்களில் மன்னார்குடிப் பக்கம் தண்ணீர் என்ன நிறம் என்று அவருக்கு நினைவிருந்தால் எழுதுங்கள்.

ஜூன் 22, இரவு

ஏற்றி இரண்டு மணி நேரம் ஆகிறது. கேஜைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. மூன்று பேர் பால் என்ன விலை என்று கேட்டிருக்கிறார்கள். பக்கம் 31, மேலிருந்து நாலாவது வரி.